கட்டடத்துக்கு ஒண்ணும் ஆகலை: சிகாகோ சுவருக்குள்ள இருக்கிற வயரிங் கதை

(ஒலிப்பதிவின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம். பேச்சில் திரும்பத் திரும்ப வந்த சில வரிகள் நீக்கப்பட்டுள்ளன.)

இன்னைக்கு நாம ஒரு சுவரைத் திறந்து பார்க்கப் போறோம். பயப்படாதீங்க, வாடகை வீட்டுச் சுவர் இல்லை. அமெரிக்காவுல, சிகாகோவுல இருக்கிற ஒரு வீட்டுச் சுவர்.

அங்கே பெரும்பாலான வீடுகள் மரச்சட்டத்துல கட்டினவை. வரிசையா மரக்கால் நட்டு, ரெண்டு பக்கமும் ஜிப்சம் போர்டு அடிச்சா சுவர் ரெடி. நடுவுல இருக்கிற இடைவெளியில வயர் ஓடும். அமெரிக்காவின் பல ஊர்கள்ல பிளாஸ்டிக் உறை போட்ட கேபிளை மரத்துல ஓட்டை போட்டு இழுத்து, அங்கங்கே கிளிப் அடிச்சு விட்டுடுவாங்க. ரோமெக்ஸ்னு அதுக்குப் பேரு. வேலை சீக்கிரம் முடியும், செலவும் குறைவு. ஆனா சிகாகோவுல அது செல்லாது. அங்கே வயர் இரும்புக் குழாய்க்குள்ளதான் போகணும். ஒவ்வொரு வளைவுக்கும் குழாயை அளந்து வளைச்சு, பெட்டியில திருகி, அப்புறம்தான் வயரை உள்ளே இழுக்கணும். முக்கால் மணி நேரம் கார் ஓட்டி இந்தியானா மாநிலத்துக்குள்ள போயிட்டா, அதே மாதிரி வீட்டுல அதே மாதிரி சுவருக்குள்ள கேபிள் போதும்.

இன்னொரு விஷயம். அந்தச் சுவரை நீங்க நினைச்ச நேரத்துல மூட முடியாது. பெர்மிட் வாங்கி வயரிங் செஞ்சிருந்தா, போர்டு அடிக்கிறதுக்கு முன்னாடி இன்ஸ்பெக்டர் வந்து திறந்த சுவரைப் பார்க்கணும். அவர் சரின்னு சொன்னாத்தான் மூடலாம். ஸ்விட்ச், விளக்கு எல்லாம் மாட்டின பிறகு மறுபடியும் ஒரு தடவை வருவார்.

இந்த மனுஷனுக்கு நம்ம வீட்டுச் சுவருக்குள்ள எட்டிப் பார்க்கிற அதிகாரத்தை யார் கொடுத்தாங்க? அவர் கையில இருக்கிற விதிப் புத்தகத்தை யார் எழுதினாங்க? அரசாங்கம்னு நினைச்சுத்தான் நானும் படிக்க ஆரம்பிச்சேன். முதல்ல எழுதினது அரசாங்கம் இல்லை. இன்ஷூரன்ஸ்காரங்க.

1880-களுக்குப் போவோம். நியூயார்க்கில் எடிசன் கம்பெனி பணக்காரர்களின் வீடுகளுக்கு மின்விளக்கு போட ஆரம்பித்த காலம். அப்போது ஊருக்குப் பொதுவான மின்சாரம் கிடையாது. வீட்டுக்கு அடியில் கொதிகலன், நீராவி இயந்திரம், ஜெனரேட்டர் எல்லாம் வைத்து அங்கேயே மின்சாரம் தயாரிப்பார்கள். ரயில்வே முதலாளி வில்லியம் வாண்டர்பில்ட்டின் மாளிகையில் விளக்கைப் போட்டுப் பார்த்தபோது சுவர் அலங்காரத் துணியிலிருந்து புகை வந்தது. துணியில் நெய்திருந்த உலோக இழையும் வயரும் தொட்டுக்கொண்டிருந்தன. திருமதி வாண்டர்பில்ட் ஓடி வந்து விசாரித்தார். நிலவறையில் கொதிகலன் ஓடுது என்று தெரிந்ததும், அதுக்கு மேல நான் குடியிருக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். மொத்த வேலையையும் கழற்ற வேண்டியதாயிற்று. எடிசனே பிற்காலத்தில் சொன்ன கதை இது.

அடுத்தது ஜே.பி. மார்கன், வங்கி முதலாளி. 1882-ல் மேடிசன் அவென்யூவில் இருந்த அவர் வீட்டுக்கு வயரிங் செய்தார்கள். ஒருநாள் நூலக அறையில் தீப்பிடித்து, மேசையும் தரைவிரிப்பும் கருகிப் போயின. எடிசன் கம்பெனியின் எட்வர்ட் ஜான்சன் வந்து, தப்பு மின்சாரத்தின்மேல் இல்லை, வேலை செய்த எங்கள்மேல்தான் என்று ஒப்புக்கொண்டார். மார்கன் வயரிங்கை மறுபடியும் போடச் சொன்னார்.

இந்த ஜான்சனைக் கொஞ்சம் ஞாபகம் வச்சுக்கோங்க. அதே 1882-ல தன் வீட்டு கிறிஸ்துமஸ் மரத்துக்கு முதல்முதலா மின்விளக்கு போட்ட ஆளும் இவர்தான். பின்னாடி இவர் ஒரு கம்பெனி நடத்தினார். அது வித்தது என்ன தெரியுமா? வீட்டுக்குள்ள வயரைப் போட்டு மூடுற குழாய்.

அந்தக் காலத்து வயர் எப்படி இருந்தது? இன்னைக்கு நம்ம பார்க்கிற பிவிசி எல்லாம் கிடையாது. செம்புக் கம்பிக்கு மேல பருத்தி நூல் பின்னல், அதுக்கு மேல மெழுகோ பெயின்ட்டோ. சேர்க்கிற இடத்துல முறுக்கி விட்டுடுவாங்க. முறுக்கு லூஸா இருந்தா அந்த இடம் சூடாகும், சூடானா இன்னும் லூஸாகும், ஒருநாள் பக்கத்துல இருக்கிற மரம் கருகும். இதையெல்லாம் பஞ்சாலைக்குள்ள கற்பனை பண்ணிப் பாருங்க. கோயம்புத்தூர் பக்கம் மில்லுக்குள்ள போய் வந்தவங்களுக்குத் தெரியும், காத்துல எந்நேரமும் பஞ்சு பறக்கும். அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து பகுதியில் மின்விளக்கு போட்ட 65 பஞ்சாலைகளுக்குக் காப்பீடு கொடுத்திருந்தவர்கள் கணக்குப் பார்த்தார்கள். குறுகிய காலத்துக்குள் 23 ஆலைகளில் மின்சாரத்தால் தீ.

மூணுல ஒரு பங்குக்கும் மேல. இப்படி ஒரு கணக்கு வந்தா இன்ஷூரன்ஸ்காரன் என்ன செய்வான்? ஒண்ணு, காப்பீடு கிடையாதுன்னு சொல்லணும். இல்லை, விளக்கு போடு, ஆனா நான் சொல்ற மாதிரி போடுன்னு சொல்லணும். ரெண்டாவது வழியைத்தான் எடுத்தாங்க. 1881-ல் நியூயார்க் தீக் காப்பீட்டாளர்கள் சங்கம் முதல் விதிகளை வெளியிட்டது. அடுத்த வருஷமே லண்டனில் ஃபீனிக்ஸ் என்ற தீக் காப்பீட்டு நிறுவனத்துக்காக மஸ்கிரேவ் ஹீஃபி என்ற பொறியாளர் ஒரு விதித் தொகுப்பு எழுதினார். அதே 1882-ல் லண்டன் தந்திப் பொறியாளர்கள் சங்கமும் தன் பங்குக்கு ஒரு தொகுப்பை வெளியிட்டது. எல்லாவற்றுக்கும் நோக்கம் ஒன்றுதான். தீப்பிடிக்கக் கூடாது.

இங்கே ஒரு நிமிஷம் நிறுத்திக்கிறேன். 'தீப்பிடிக்கக் கூடாது'ங்கிறதும் 'ஆள் சாகக் கூடாது'ங்கிறதும் ஒண்ணு இல்லை. அதுக்கு ஒரு நல்ல சாட்சி இருக்கு. காப்பீட்டாளர்கள் அந்தக் காலத்தில் ஏற்றுக்கொண்ட ஒரு வயர் உண்டு. பருத்திப் பின்னலை வெள்ளை ஈய பெயின்ட்டில் ஊற வைத்தது. சுலபமாகத் தீப்பிடிக்காது. அதனால் அண்டர்ரைட்டர்ஸ் வயர் என்று பெயர், அதாவது இன்ஷூரன்ஸ்காரர் வயர். ஆனா மழையில நனைஞ்சா அதோட இன்சுலேஷன் நம்பவே முடியாது. தொட்டா ஷாக். லைன்மேன்கள் அதுக்கு வேற பேர் வச்சாங்க. அண்டர்டேக்கர்ஸ் வயர். சவப்பெட்டிக்காரர் வயர்.

கட்டடத்தைக் காப்பாத்துற விதி மனுஷனைக் காப்பாத்துமா? இந்தக் கேள்வியைக் கையில வச்சுக்கிட்டு சிகாகோவுக்குப் போவோம்.

1893. கொலம்பஸ் அமெரிக்காவை அடைந்த 400-வது ஆண்டைக் கொண்டாட சிகாகோவில் உலகக் கண்காட்சி. நம்ம ஆளுங்களுக்கு இந்த வருஷம், இந்த ஊர் சொன்னாலே விவேகானந்தர்தான் ஞாபகம் வருவார். ஆமாம், அந்தச் சர்வசமய மாநாடு இந்தக் கண்காட்சியை ஒட்டித்தான் நடந்தது. இந்தப் பக்கம், வெஸ்டிங்ஹவுஸ் கம்பெனியின் ஏசி மின்சாரத்தில் பல்லாயிரம் விளக்குகள் ஒரே நேரத்தில் எரிந்தன. அதுவரைக்கும் ராத்திரியில் அவ்வளவு வெளிச்சத்தை யாரும் பார்த்ததில்லை. அந்தக் கண்காட்சியின் மின்துறைத் தலைவர் ஜான் பாரெட், அதற்கு முன் சிகாகோ நகரத்தின் மின்பொறுப்பாளராக இருந்தவர்.

வெளியில் இருந்து பார்க்க வெள்ளை மாளிகைகள். உள்ளே மரச்சட்டமும், சுண்ணச்சாந்தில் நார் கலந்து பூசின தற்காலிகச் சுவரும். அதற்குள் மைல் கணக்கில் வயர். காப்பீட்டாளர்களுக்கு வயிற்றைக் கலக்காமல் இருக்குமா? பாஸ்டனில் வேலை பார்த்துக்கொண்டிருந்த வில்லியம் ஹென்றி மெரில் என்ற இளம் மின்பொறியாளர் சோதனை வேலைக்காக சிகாகோ வந்தார். வயசு 25. படிச்சு முடிச்சு நாலே வருஷம். இந்த எபிசோடைக் கேட்கிற பாதிப் பேரோட வயசுன்னு வச்சுக்கோங்க.

மெரிலுக்குப் பிரச்சினையின் அடி எங்கே என்று தெரிந்தது. சந்தையில் தினம் ஒரு புது வயர், புது ஸ்விட்ச், புது ஃபியூஸ் வருது. செய்கிறவன் நல்லதுன்னுதான் சொல்லுவான். அதைச் சோதித்துச் சொல்ல ஒரு மூன்றாம் ஆள் இல்லை. 1894-ல் காப்பீட்டாளர்களின் பண உதவியோடு ஒரு சின்ன சோதனைக்கூடம் தொடங்கினார். இடம், சிகாகோவில் ஒரு தீயணைப்பு நிலையத்தின் மாடி. சோதனைக் கருவிகளின் மதிப்பு 350 டாலர். தீப்பிடிக்காத இன்சுலேஷன் என்று சொல்லி வந்த ஒரு பொருளைத்தான் 1894 மார்ச் 24-ஆம் தேதி முதலில் சோதித்தார்கள்.

உங்க லேப்டாப் சார்ஜரைத் திருப்பிப் பாருங்க. பின்னாடி இருக்கிற பொடி எழுத்துகளுக்கு நடுவுல, வட்டத்துக்குள்ள யு.எல்.னு ரெண்டு எழுத்து இருந்தா, அது இந்த மாடி அறையோட வாரிசு. அண்டர்ரைட்டர்ஸ் லேபரட்டரீஸ். காப்பீட்டாளர்களின் சோதனைக்கூடம்.

பொருளைச் சோதிக்க ஆள் வந்தாச்சு. விதி? 1895-ல் அமெரிக்காவில் ஒரே நேரத்தில் ஐந்து விதித் தொகுப்புகள் புழக்கத்தில் இருந்தன. ஒன்றில் சரி என்பது இன்னொன்றில் தப்பு. 1896 மார்ச் மாதம் நியூயார்க்கில் காப்பீட்டாளர்கள், பொறியாளர்கள், கட்டடக் கலைஞர்கள் என்று பல சங்கங்களின் பிரதிநிதிகள் கூடினார்கள். தலைவர், கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் பிரான்சிஸ் கிராக்கர். இந்த ஐந்தோடு ஜெர்மன், பிரிட்டிஷ் விதிகளையும், அந்த லண்டன் ஃபீனிக்ஸ் தொகுப்பையும் மேசையில் வைத்து ஒப்பிட்டு, ஒரு வரைவு எழுதி, அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலுமாக சுமார் 1,200 பேருக்கு அனுப்பிக் கருத்துக் கேட்டார்கள். 1897-ல் நேஷனல் எலக்ட்ரிக்கல் கோட் பிறந்தது. 1911-லிருந்து தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கம் அதை நடத்துகிறது. இன்றைக்கும் மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கிறார்கள்.

பேருலதான் நேஷனல். அது சட்டம் இல்லை, ஒரு புத்தகம். ஒரு மாநிலமோ நகர சபையோ 'இந்தப் புத்தகத்தை எங்க ஊருக்கு ஏத்துக்கிறோம்'னு தீர்மானம் போட்டாத்தான் அது சட்டம். அப்படி ஏற்கும்போது இந்தப் பக்கத்தை வெட்டலாம், அந்தப் பக்கத்தில் நாலு வரி கூட்டலாம். அதனாலதான் ஊருக்கு ஊர் விதி மாறுது. முன்னாடி சொன்ன சிகாகோ இரும்புக் குழாயும் அப்படிக் கூட்டின உள்ளூர் வரிதான்.

ஆக, புத்தகம் வந்துடுச்சு, சோதனைக்கூடம் வந்துடுச்சு. சிகாகோ நகரத்திடம் கட்டட விதி இருந்தது, இன்ஸ்பெக்டர் இருந்தார், தீயணைப்புத் துறை இருந்தது. எல்லாம் இருந்த ஊரில்தான் இது நடந்தது.

1903 நவம்பர் 23. ராண்டால்ஃப் தெருவில் இராக்வா தியேட்டர் திறப்பு. பளிங்கு, கண்ணாடி, அகலமான படிக்கட்டு. 'முழுக்க முழுக்கத் தீப்பிடிக்காதது' என்றே விளம்பரம் செய்தார்கள். திறப்பதற்கு முன் அந்தப் பகுதித் தீயணைப்பு அதிகாரி ஒருவர் உள்ளே சுற்றிப் பார்த்திருக்கிறார். மேடைக்குத் தண்ணீர் தெளிப்பான் இல்லை, தீ எச்சரிக்கை மணி இல்லை, தண்ணீர் இணைப்பு இல்லை. மேலதிகாரியிடம் சொன்னார். தியேட்டருக்கென்று தனித் தீயணைப்பு ஆள் இருக்கிறார், அது அவர் பாடு என்கிற மாதிரி பதில் வந்தது. நகரத்தின் அனுமதி கிடைத்தது. தியேட்டர் திறந்தது.

டிசம்பர் 30, புதன்கிழமை மதியக் காட்சி. பள்ளி விடுமுறை நேரம். அதனால் அம்மாக்களும் பிள்ளைகளும்தான் கூட்டத்தில் அதிகம். இருக்கை எல்லாம் நிறைந்து, நிற்கிறவர்களுக்கும் டிக்கெட் கொடுத்திருந்தார்கள். 'மிஸ்டர் ப்ளூபியர்ட்' என்ற இசை நாடகம்.

இரண்டாம் அங்கத்தில் ஒரு நிலவொளிக் காட்சி. மேடையின் ஓரத்தில், உயரத்தில் ஒரு ஆர்க் விளக்கு. வெல்டிங் பட்டறையைக் கடந்து போறப்போ கண்ணு கூசுமே, அதே தத்துவம்தான். இரண்டு கரித்துண்டுகளுக்கு நடுவில் மின்சாரம் தாவும்போது வருகிற வெளிச்சம். அந்த விளக்கிலிருந்து ஒரு பொறி பறந்தது. பக்கத்தில் தொங்கிய மெல்லிய துணித் திரையில் பட்டது. முதலில் உள்ளங்கை அளவு தீ. விளக்குக்காரர் கையால் அடித்து அணைக்கப் பார்த்தார், எட்டவில்லை. தியேட்டரின் தீயணைப்பு ஆளிடம் இருந்தது பொடி அடைத்த தகரக் குழல்கள் மட்டும். தலைக்கு மேல் உயரத்தில் எரிகிற துணிக்குப் பொடியை வீசினால் எப்படிப் போய்ச் சேரும்?

மேடைக்கும் பார்வையாளர்களுக்கும் நடுவில் இறக்க வேண்டிய தீத்திரை பாதியில் சிக்கி நின்றது. மேடைக்கு மேல் புகை போக வேண்டிய கூரைத் திறப்புகள் வேலை செய்யவில்லை. நடிகர்கள் தப்பிக்க மேடையின் பின்கதவைத் திறந்தார்கள். டிசம்பர் மாதச் சிகாகோவின் குளிர்காற்று உள்ளே பாய்ந்தது. மேடையில் இருந்த நெருப்பு மொத்தமும் ஒரு பந்தாக, பாதி இறங்கிய திரைக்கு அடியில் புகுந்து பால்கனியை நோக்கிப் போனது.

அப்புறம் கதவுகள். சில கதவுகள் உள்பக்கமாகத் திறப்பவை. கூட்டம் அழுத்தினால் திறக்கவே முடியாது. சிலவற்றில் யாரும் பார்த்திராத ஐரோப்பிய வகைத் தாழ்ப்பாள். வெளியேறும் வழி என்று எழுதிய பலகை இல்லை. மாடியில் இருப்பவர்கள் கீழே விலை கூடிய இருக்கைகளுக்கு இறங்கி வந்துவிடக் கூடாது என்று படிக்கட்டில் மடக்குக் கதவு போட்டுப் பூட்டியிருந்தார்கள். தீயணைப்பு நிலையத்துக்குத் தகவல் போனது எப்படி? எச்சரிக்கை மணி இல்லாததால் ஒரு ஆளை ஓடிப்போய்ச் சொல்லச் சொன்னார்கள்.

602 பேர் இறந்தார்கள். 1871-ல் சிகாகோ நகரத்தையே எரித்த பெரும் தீயில் இறந்தவர்களைப் போல சுமார் இரண்டு மடங்கு. இது ஒரே கட்டடம், ஒரே மதியம்.

கட்டடத்துக்கு? பெருசா ஒண்ணும் ஆகலை. அரை மணி நேரத்துக்குள் தீ அணைந்தது. சுவர், கூரை, முகப்பு எல்லாம் நின்றன. ஒரு வருஷத்துக்குள் பழுது பார்த்து, வேறு பெயரில் மறுபடியும் திறந்தார்கள். 1925-ல் இடிக்கும் வரைக்கும் அங்கே காட்சி நடந்தது. தீப்பிடிக்காத கட்டடம்னு விளம்பரம் பண்ணினது பொய் இல்லைங்க. அதுதான் என்னை ரொம்ப நேரம் யோசிக்க வச்சது.

யார் பொறுப்பு? நகர மேயர் கார்ட்டர் ஹாரிசன் வரைக்கும் பெயர் அடிபட்டது, நிற்கவில்லை. கடைசியில் தியேட்டர் மேலாளர் வில் டேவிஸ்மேல் வழக்கு. சிகாகோவில் நியாயமான விசாரணை கிடைக்காது என்று டான்வில் என்ற ஊருக்கு மாற்றி, 1907-ல் விசாரித்தார்கள். அவருடைய வக்கீல் லெவி மேயர் சாட்சிகளோடு மல்லுக்கட்டவில்லை. நேராக விதியின் மேல் கை வைத்தார். சிகாகோ நகர சபையின் கட்டட விதிகளே சட்டப்படி செல்லாதவை, செல்லாத விதியை மீறினார் என்று ஒருவரை எப்படித் தண்டிப்பீர்கள் என்றார். நீதிபதி ஒப்புக்கொண்டார். டேவிஸ் விடுதலை. 602 சாவுக்கு ஒருவர்கூடச் சிறை போகவில்லை.

உள்ளூர் விதின்னா சின்ன விஷயம்னு நினைக்கிறோம் இல்லையா? நகர சபை ஒரு விதியை எழுதும்போது, மாநிலம் தனக்கு அந்த அதிகாரத்தைக் கொடுத்திருக்கான்னு பார்த்து எழுதணும். பார்க்கலேன்னா, எழுதின நாள்ல யாருக்கும் தெரியாது. நாலு வருஷம் கழிச்சு ஒரு கோர்ட்டுல தெரியும்.

ஒரு சின்னக் கிளைக்கதை. அன்று மதியக் காட்சிக்கு டிக்கெட் வைத்திருந்து போகாமல் தப்பித்தவர் கார்ல் பிரின்ஸ்லர். இந்தியானாபொலிஸில் வானகட் என்ற ஹார்டுவேர் கம்பெனியின் விற்பனையாளர். எழுத்தாளர் கர்ட் வானகட் குடும்பத்துக் கம்பெனிதான். பூட்டின கதவு அவரை உறுத்திக்கொண்டே இருந்தது. ஹென்றி டுபாண்ட் என்ற கட்டடக் கலைஞரோடு சேர்ந்து, கூட்டம் மோதினாலே திறக்கிற ஒரு கதவுத் தண்டைச் செய்தார். மால்ல, மல்டிபிளெக்ஸ்ல எமர்ஜென்சி கதவுக்குக் குறுக்கே ஒரு நீளத் தண்டு இருக்குமே, அதோட முன்னோடி. 1908-ல் விற்பனைக்கு வந்தது.

தீக்குப் பிறகு சிகாகோவில் எல்லா தியேட்டர்களையும் மூடி, சோதனை முடிந்த பிறகே திறக்க விட்டார்கள். நியூயார்க்கிலும் ஐரோப்பாவிலும்கூட தியேட்டர்களைத் தேடித் தேடிச் சோதித்தார்கள். சோதனைன்னா சும்மா கையெழுத்து இல்லைன்னு ஊருக்குப் புரிஞ்ச காலம் அது.

சரி, இரும்புக் குழாய். இதில் எனக்கு ரெண்டு மனசு. குழாய்க்குள் வயர் இருந்தால் ஆணி அடித்தாலும் எலி வந்தாலும் வயருக்குச் சேதமில்லை. உள்ளே பொறி வந்தாலும் மரத்தில் படாது. இருபது வருஷம் கழித்து வயரை மாற்ற சுவரை உடைக்க வேண்டாம், பழசை உருவிப் புதுசை இழுத்தால் போதும். இது எல்லாம் உண்மை. ஆனால் குழாயை வளைக்கத் தொழில் தெரிந்த ஆள் வேண்டும், நேரம் வேண்டும், கூலி கூடும். எலக்ட்ரீஷியன் சங்கங்கள் தங்கள் வேலையைக் காப்பாற்றத்தான் இந்த விதியை விடாமல் பிடித்திருக்கின்றன என்று வீடு கட்டுகிறவர்கள் பல காலமாகப் புலம்புகிறார்கள். நாட்டின் மற்ற ஊர்களில் கேபிள் போட்ட கோடிக்கணக்கான வீடுகள் நன்றாகத்தானே இருக்கின்றன என்பது அவர்கள் வாதம். அதிலும் நியாயம் இருக்கு. 2018-ல் சிகாகோ தன் மின்விதியைத் திருத்தி எழுதி தேசியப் புத்தகத்துக்கு ரொம்பப் பக்கத்தில் கொண்டுவந்தது. குழாயை மட்டும் விடவில்லை.

இப்போ அந்தப் பழைய கேள்விக்குத் திரும்புவோம். மனுஷ உடம்பு எப்போ விதிக்குள்ள வந்துச்சு?

ஃபியூஸ், நம்ம வீட்டு எம்சிபி, இதெல்லாம் வயரைக் காப்பாற்ற வந்தவை. வயர் தாங்காத அளவு கரண்ட் போனால் துண்டிக்கும். ஆனா ஒரு மனுஷனைக் கொல்ல அவ்வளவு கரண்ட் தேவையே இல்லை. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் சார்லஸ் டால்சீல் என்ற பேராசிரியர் இதைத்தான் பல வருஷம் அளந்தார். தாமாக முன்வந்தவர்களின் கையில் ஒரு கம்பியைப் பிடிக்கச் சொல்லி, எவ்வளவு கரண்ட் போனால் கையை விட முடியாமல் ஒட்டிக்கொள்ளும் என்று பார்த்தார். ஆண்களுக்குச் சராசரியாக 16 மில்லி ஆம்பியர், பெண்களுக்கு 10.5. 15 ஆம்பியர் ஃபியூஸுக்கு இது கொசு கடிச்ச மாதிரி. ஆள் செத்த பிறகும் ஃபியூஸ் அப்படியே இருக்கும்.

டால்சீல் 1961-ல் ஒரு கருவி செய்தார். போகிற கரண்டும் திரும்பி வருகிற கரண்டும் சமமா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். கொஞ்சம் குறைந்தால், அந்தக் கொஞ்சம் எங்கேயோ கசிகிறது, ஒருவேளை யாரோ ஒருவரின் உடம்பு வழியாக. உடனே துண்டித்துவிடும். அமெரிக்காவில் அது சுமார் 5 மில்லி ஆம்பியரிலேயே வேலை செய்யும். 1968 விதிப் புத்தகத்தில் நீச்சல் குளத்தின் தண்ணீருக்கு அடியில் இருக்கும் விளக்குக்கு இதைக் கட்டாயமாக்கினார்கள். 1971-ல் வீட்டுக்கு வெளியே இருக்கிற பிளக் பாயின்ட், 1975-ல் குளியலறை, 1987-ல் சமையலறை. கவனிச்சீங்களா? 1897-ல பிறந்த புத்தகம், பாத்ரூம்ல ஈரக் கையோட நிக்கிற மனுஷன்கிட்ட வந்து சேர 78 வருஷம்.

அதிலும் ஒரு சிக்கல் உண்டு. புது விதி பழைய வீட்டுக்குத் தானாகப் பொருந்தாது. கட்டினப்போ சரியாக இருந்தால் அப்படியே விட்டுவிடலாம். பெரிசாக வேலை செய்யப் பெர்மிட் கேட்கும்போதுதான், அந்த வேலை புது விதிப்படி இருக்கணும். பெர்மிட் எடுக்காம ராத்திரியோட ராத்திரியா வேலையை முடிச்சா காசு மிச்சம், உண்மைதான். ஆனா புது விதி அந்த வீட்டுக்குள்ள நுழையுறதுக்கு இருந்த ஒரே கதவையும் சாத்தியாச்சு.

நம்ம ஊர்ல? இங்கே கதை வேற பாதையில வந்துச்சு. 1910 இந்திய மின்சாரச் சட்டம், 1956 விதிகள், அரசு நியமிக்கிற மின் ஆய்வாளர்னு மேலிருந்து கீழே வந்த ஏற்பாடு. லைசென்ஸ் இருக்கிற கான்ட்ராக்டர்தான் வயரிங் செய்யணும், சோதிச்சுக் கையெழுத்துப் போடணும். மெகர்னு ஒரு கருவி இருக்கு. 500 வோல்ட் கொடுத்து ஒரு நிமிஷம் பார்த்தா, வயரிங்கோட இன்சுலேஷன் குறைஞ்சது 1 மெகாஓம் காட்டணும். எங்க வீட்டு ஃபைலைத் தேடி எடுத்துப் பார்த்தேன். சோதனை அறிக்கை இருக்கு, கையெழுத்து இருக்கு, அளவு எழுத வேண்டிய கட்டம் காலியா இருக்கு. வீட்டு ஓனர்கிட்ட கேட்டேன். "தம்பி, அதெல்லாம் டீக்கடையில வச்சே போட்டுக் கொடுத்தாங்க"ன்னார். அப்புறம் தெரிஞ்ச எலக்ட்ரீஷியன் அண்ணனைக் கூப்பிட்டு, அவர் மெகரோட வந்து பார்த்தப்போ, பின்பக்கம் வாஷிங் மெஷின் லைன் மட்டும் அளவுக்குக் கீழே. ஸ்விட்ச் போர்டுக்குப் பின்னாடி ஒரு மூட்டு நனைஞ்சு பச்சை பூத்திருந்துச்சு. மாத்தியாச்சு. செலவு ரெண்டு பிரியாணி காசு.

உங்க வீட்டு மெயின் போர்டைத் திறந்து பாருங்க. மத்த சுவிட்சுகளைவிட அகலமா ஒண்ணு, அதுல 30 எம்.ஏ.ன்னு எழுதியிருந்தா அது ஆர்சிசிபி. பழைய பழக்கத்துல ஈஎல்சிபின்னு சொல்வாங்க. டால்சீல் செஞ்சதோட உறவுக்காரன்தான். ஓரத்துல டி போட்ட ஒரு குட்டி பட்டன் இருக்கும். வைஃபை போகும்னு வீட்டுல எல்லார்கிட்டயும் சொல்லிட்டு அதை அழுத்துங்க. டப்புன்னு கரண்ட் போகணும். போகலேன்னா அந்தப் பெட்டி சும்மா உக்காந்திருக்குன்னு அர்த்தம், எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க. அப்படி ஒண்ணு போர்டுல இல்லவே இல்லைன்னா, ஓனர்கிட்ட பேச வேண்டிய விஷயம் அது.

அழுத்திப் பார்த்துட்டு என்ன ஆச்சுன்னு எங்களுக்கு எழுதுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.